சமூக நீதிக்கான நினைவு நன்கொடை

சமூக நீதிக்கான நினைவு நன்கொடை என்பது, மறைந்த ஒருவரின் பெயரால் அவருடைய குடும்பத்தாரோ நண்பர்களோ சாதி ஒழிப்பு, பெண் கல்வி, கைவிடப்பட்ட குழந்தைகளின் வளர்ப்பு, கொத்தடிமை மீட்பு, சட்ட உதவி போன்ற பணிகளுக்கு அளிக்கும் பணம், நிலம், நூல்கள் முதலியவற்றைக் குறிக்கும். அன்னதானத்திலிருந்து இது வேறுபடுவது நோக்கத்தில்தான். அன்னதானம் அன்றைய பசியை ஆற்றுகிறது. இவ்வகை நன்கொடையோ, ஒரு பிரிவினர் தொடர்ந்து பின்தள்ளப்படுவதற்கான காரணத்தை மாற்ற முயலும் பணிக்குச் செல்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, சேலத்தில் பிறந்த நாகம்மையாரின் பெயரால் திருச்சியில் நடந்துவரும் குழந்தைகள் இல்லமாகும்.

சேலம், நாமக்கல் பகுதியின் பழைய வழக்கங்கள்

இறந்தவர் பெயரால் கொடுப்பது இப்பகுதிக்குப் புதிதன்று. 1965 வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த தருமபுரி வட்டாரத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. ஆநிரை மீட்கும் பூசலிலோ ஊரைக் காக்கும் போரிலோ இறந்த வீரனுக்குக் கல் நட்டதோடு, அவனுடைய குடும்பத்துக்கு நிலம் வழங்கும் வழக்கமும் இருந்தது. அந்நிலம் உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி எனப்பட்டது. கல் நினைவுக்கும், நிலம் பிழைத்திருப்பவர்களின் வயிற்றுக்கும் என இரண்டும் சேர்ந்தே அமைந்தன.

இன்று கருமாதி, ஆண்டுத் திதி, ஆடி அமாவாசையில் காவிரிக் கரையில் தர்ப்பணம் ஆகியவையே பரவலான நினைவுச் சடங்குகள். மோகனூர், பரமத்திவேலூர், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களின் படித்துறைகளுக்கு அன்று கூட்டம் வரும். இவற்றுடன் கோயிலுக்கோ பள்ளிக்கோ பொருள் வாங்கிக் கொடுத்து ‘உபயம்’ என்று பெயர் பொறிப்பதும் உண்டு. குழல்விளக்கில் கொடுத்தவர் பெயரையும் இறந்தவர் பெயரையும் பெரிதாக எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவதைப் பற்றிய கேலி, தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. பெயர் நிலைக்க வேண்டும் என்ற விருப்பம் இயல்பானதே. அந்தப் பெயர் எதன் மீது நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

நாகம்மையார் குழந்தைகள் இல்லம்

நாகம்மையார் 1885-இல் சேலம் தாதம்பட்டியில் பிறந்தார். 1898-இல் ஈரோட்டு ஈ. வெ. இராமசாமியை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. 1921-இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் தங்கை கண்ணம்மாளுடன் நாகம்மையார் ஈடுபட்டார். 1924-இல் வைக்கம் போராட்டத்திலும் பங்கேற்றார். பெரியார் ஐரோப்பியப் பயணத்தில் இருந்த காலத்தில் ‘குடிஅரசு’ இதழின் பொறுப்பையும் கவனித்துக்கொண்டார்.

அவர் 1933 மே 11 அன்று மறைந்தார். மறுநாளே பெரியார் திருச்சிக்குச் சென்று, தடையுத்தரவை மீறி ஒரு சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார். துக்கம் காக்கும் நாள்களில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்று கருதிய சமூகத்தில் இது ஓர் அறிவிப்பாகவே இருந்தது.

பின்னர் பெரியாரும், 1949-இல் அவரை மணந்த மணியம்மையாரும் திருச்சியில் நாகம்மையார் குழந்தைகள் இல்லத்தை நிறுவினர். மருத்துவமனைகளிலும் பிற இடங்களிலும் கைவிடப்பட்ட குழந்தைகள் அங்கு வளர்க்கப்பட்டனர். முதல் மனைவியின் பெயரைத் தாங்கிய இல்லத்தை வளர்த்தெடுத்தவர் இரண்டாம் மனைவி என்பது கவனிக்கத்தக்கது. தந்தை பெயர் தெரியாத அக்குழந்தைகளுக்குத் தலைப்பெழுத்தாக ‘ஈ.வெ.ரா.ம.’ என்பது இடப்பட்டது. ஈ.வெ.ரா.வும் மணியம்மையும் அதில் இருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா பெயர் என்ன, என்ன சாதி என்ற இரு கேள்விகளுக்கும் விடை இல்லாத குழந்தைக்கு அந்த நான்கு எழுத்துகள் எவ்வளவு பெரிய உடைமை என்பதைச் சேர்க்கைப் பதிவேட்டை நிரப்பிய எவரும் உணர்வர்.

இவ்வில்லத்தின் தேவை சேலத்துக்கு அயலானது அன்று. பெண் சிசுக்கொலை நிகழ்ந்த பகுதிகளுள் ஒன்றாக இம்மாவட்டம் பேசப்பட்டதால்தான், 1992-இல் தமிழ்நாடு அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் சேலத்தில் தொடங்கப்பட்டது.

படத்திறப்பும் ‘விடுதலை’ நாளேட்டு அறிவிப்புகளும்

திராவிடர் கழகக் குடும்பங்களில் கருமாதிக்குப் பதிலாகப் படத்திறப்பு, நினைவேந்தல் நிகழ்ச்சிகள் நடைபெறும். இறந்தவரின் படத்தைத் திறந்துவைத்து, அவருடைய வாழ்க்கையைப் பற்றி உறவினரும் தோழர்களும் பேசுவர். சடங்குக்கு ஆகும் செலவின் ஒரு பகுதியை நன்கொடையாக அறிவிப்பது இதனுடன் இணைந்த வழக்கம். 1935-இல் தொடங்கிய ‘விடுதலை’ ஏட்டில் இத்தகைய அறிவிப்புகள் தொடர்ந்து வெளிவருகின்றன. தாயின் அல்லது தந்தையின் இத்தனையாவது நினைவு நாளையொட்டி நாகம்மையார் குழந்தைகள் இல்லத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று இரண்டு மூன்று வரிகளில் அவை முடிந்துவிடும்.

அந்த வரிகளில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. இறந்தவர் பெயர் ஆண்டுதோறும் அச்சில் வருகிறது. தொகை வெளிப்படையாகப் பதிவாகிறது. சடங்கு இல்லாமலும் பெற்றோரை நினைக்கலாம் என்பது, அதைச் சந்தேகிக்கும் உறவினர்களுக்குத் தெரிகிறது. மூன்றாவதே கடினமானது. சேலம், நாமக்கல் கிராமங்களில் கருமாதியை விட்டவர்களைப் பார்த்துப் ‘பெத்தவங்களுக்குக்கூடச் செய்யலை’ என்று ஊரார் சொல்வதுண்டு. அந்தப் பேச்சுக்கு மறுமொழியாக நிற்பது பெரும்பாலும் இந்த நன்கொடைச் சீட்டுதான்.

பிற எடுத்துக்காட்டுகள்

1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூரிபா காந்தி மறைந்தபின், அவர் நினைவாக 75 லட்சம் ரூபாய் திரட்டும் முயற்சி நாடெங்கும் நடந்தது. இலக்கை மீறிச் சேர்ந்த அத்தொகையிலிருந்து கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை உருவானது.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சாதி ஆணவத்தால் சங்கர் கொல்லப்பட்டார். அத்தாக்குதலில் உயிர் தப்பிய மனைவி கௌசல்யா, சங்கர் சமூக நீதி அறக்கட்டளையைத் தொடங்கி, கணவரின் ஊரான குமரலிங்கத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி மையம் நடத்தினார். அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதா 2017 செப்டம்பர் 1 அன்று மறைந்தபின், அவருடைய ஊரில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. நடிகர் விஜய் சேதுபதி அதே ஆண்டு ஒரு விளம்பரப் படத்தில் பெற்ற ஊதியத்திலிருந்து சுமார் 49.70 லட்சம் ரூபாயை அனிதாவின் நினைவாக அளித்தார். அதில் பெரும்பகுதி அரியலூர் மாவட்ட அங்கன்வாடிகளுக்குச் சென்றது.

நினைவு நன்கொடை மிகக் குறைவாகச் செல்லும் துறை சட்ட உதவியாகும். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 ஜூனில் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்டது 2022 மார்ச்சில். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 ஜூனில். எட்டு ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடக்கும் குடும்பத்துக்குப் போக்குவரத்து, கூலி இழப்பு, சாட்சிகளின் பாதுகாப்பு என்று செலவு ஓயாது. விசைத்தறிக் கூடத்திலோ செங்கல் சூளையிலோ முன்பணத்துக்குக் கட்டுண்டு, 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் மீட்கப்படும் குடும்பத்துக்கும் இதே நிலைதான். இத்தகைய பணியில் பெயர்ப்பலகை வைக்க இடமில்லை. அதனாலேயே கொடுப்பவர் குறைவு.

வைப்புத்தொகையின் தேய்மானம்

நினைவு நன்கொடையில் பலர் தேர்ந்தெடுப்பது அறக்கட்டளைப் பரிசு. பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு தொகையை வங்கியில் வைப்பாக இட்டு, வட்டியிலிருந்து ஆண்டுதோறும் பரிசோ உதவித்தொகையோ வழங்குவது இம்முறை. முதல் கரையாது என்பது இதன் கவர்ச்சி. உண்மையில் முதலின் எண் மட்டுமே கரையாமல் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குமுன் 1,000 ரூபாய் வைப்பில் கிடைத்த வட்டி ஒரு மாணவியின் ஓராண்டுப் பாடநூல்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். இன்று 7 விழுக்காடு வட்டியில் அதே தொகை ஆண்டுக்கு 70 ரூபாய் தரும். பல பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் இவ்வாறு சுருங்கிய பரிசுகள், கொடுத்தவரின் பெயர் மட்டும் நீளமாக வாசிக்கப்பட்டு, ஓர் உறையில் வழங்கப்படுகின்றன.

இதற்கு மாற்றாக, வட்டியில் ஒரு பகுதியை முதலுடன் சேர்க்குமாறு பத்திரத்திலேயே எழுதலாம். பத்து ஆண்டுகளுக்குள் முதலையும் செலவழித்து முடிக்குமாறும் கூறலாம். ஒரு தலித் மாணவி செவிலியர் படிப்பை முடிக்கும்வரை முழுக் கட்டணத்தையும் ஏற்பது, நூறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 70 ரூபாய் தருவதைவிடப் பயனுள்ளது. திரும்பத் திரும்பக் கொடுக்கும் குடும்பங்களுக்கு வைப்புத்தொகையே தேவையில்லை. ‘விடுதலை’ அறிவிப்புகளின் முறை இதுதான்: நினைவு நாள் வரும்போதெல்லாம் அந்த ஆண்டின் விலைவாசிக்கு ஏற்ற தொகையைக் கொடுக்கலாம்.

கொடுக்கும் முறை

அறக்கட்டளையாகவோ, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகவோ பதிவு பெற்ற அமைப்புக்கே நன்கொடை தருவது நல்லது. குழந்தைகள் இல்லம் எனில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப் பதிவும் இருக்க வேண்டும். தொகை மூலநிதியில் சேர வேண்டுமா, உடனே செலவிடலாமா என்பதைக் கடிதத்தில் எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் அது பொதுச் செலவில் கலந்துவிடும். அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்க விரும்புவோருக்கு, 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் உள்ளது.

வருமான வரியில் 80ஜி எனப்படும் விலக்கு, பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் அனுப்புவதில் ஒரு நுட்பம் உண்டு. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை பெற்றுவிட்டவர், பெற்றோர் நினைவாக அனுப்பினாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்ற அமைப்புக்கே அனுப்ப முடியும். சிற்றூர் அமைப்புகள் பலவற்றுக்கு அந்த அனுமதி இருப்பதில்லை.