வாய்க்குள் ஒரு வரலாறு – 11: எலிப் பாதமும் முன்பல்லும்

கடைவாய்ப்பல்லின் கரபெல்லி முகடு இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். எனாமல் ஒருமுறை உருவாகிவிட்டால் தேயுமே தவிர வேறு வடிவம் எடுக்காது என்பதுவரை வந்திருக்கிறோம். விட்டுப்போனவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள். கரபெல்லி காத்திருக்கட்டும். நடுவில் ஓர் எலி புகுந்துவிட்டது.

எலிக்கு முன்னால் பல். மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். நம்மில் பலருக்கு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். வட சீனாவிலும் ஜப்பானிலும் சைபீரியாவிலும் பலருக்கு இரண்டு ஓரங்களும் மேடாக எழும்பி, நடுவே குழி விழுந்திருக்கும். மண்வாரிப் பல் என்பது ஆய்வாளர்கள் வைத்த பெயர். முறத்தை நினைத்துக்கொண்டால் நமக்கு உடனே பிடிபடும். ஐரோப்பியர் போய் இறங்குவதற்கு முந்திய அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஏறத்தாழ எல்லோருக்குமே இந்தப் பல்தான்.

1920இல் இதைப் பற்றி விரிவாக எழுதியவர் அலெஷ் ஹர்ட்லிச்கா. பொஹீமியாவில் பிறந்து, வாஷிங்டனின் ஸ்மித்சோனியனில் எலும்புச் சேகரிப்பைப் பெருக்கியவர். அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பது அவர் கட்சி; அதற்கு இந்தப் பல் நல்ல சாட்சி. சாட்சி சேர்ப்பதில் மனிதருக்கு வரைமுறையே கிடையாது. 1930களில் அலாஸ்காவின் கோடியாக் தீவில், லார்சன் பே கிராமத்தருகே தோண்டி, நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார். ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு 1991இல் அவற்றைத் திரும்ப வாங்கி, மறுபடி அடக்கம் செய்தார்கள். இதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும், குறித்து வைத்திருக்கிறேன்.

பிறகு அரிசோனாவில் கிறிஸ்டி டர்னர். மேடு எவ்வளவு, குழி எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்லாமலிருக்க, பிளாஸ்டர் மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தரம்பிரிக்கும் முறையைத் தம் சகாக்களோடு சேர்ந்து 1991இல் வெளியிட்டார். ஆசியப் பற்களை அவர் இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தார். தென்கிழக்கு ஆசியாவில் சுண்டாடான்ட். சீனா, சைபீரியா, இரு அமெரிக்காக்களில் சைனோடான்ட். குழி ஆழமாக இருப்பது இரண்டாவதில். ஜப்பானில் இரண்டும் உண்டு: பழைய ஜோமோன் மக்கள் முதல் வகை, பிற்காலத்தில் கண்டத்திலிருந்து வந்தவர்கள் இரண்டாம் வகை.

இப்போது எலி. ஈடார் என்றொரு மரபணு நம் எல்லோரிடமும் இருக்கிறது. கருவில் தோலடுக்கிலிருந்து முளைக்கும் முடி, பல், வியர்வைச் சுரப்பி, பால் சுரப்பி எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு. அதன் புரதத்தில் 370ஆவது இடத்தில் வாலின் போய் அலனின் வந்திருப்பது கிழக்கு ஆசியர்களிடமும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் மிகுதி. முன்பல் குழிக்கும் இந்த மாற்றத்துக்கும் தொடர்பு உண்டென்று ஜப்பானில் கிமுராவின் குழு 2009இல் காட்டியது. 2013இல் யானா கம்பெரோவும் கூட்டாளிகளும் அதே மாற்றத்தை எலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். முடி தடித்தது. பால் குழாய்கள் கூடுதலாகக் கிளைத்தன. எலிக்கு வியர்வைச் சுரப்பி பாதத்தில் மட்டும்தான். ஆகவே அந்தக் குட்டிப் பாதங்களைத் திருப்பிப் பிடித்து எண்ணினார்கள். கூடியிருந்தது! சீனாவில் ஹான் மக்களிடம் எண்ணினார்கள். அங்கும் கூடியிருந்தது. இந்த வாரம் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் எலி என்று ஆரம்பித்தாலே எழுந்து போகிறார்கள்.

சரி, இந்த மாற்றம் இத்தனை பேரிடம் பரவியது எதற்காக? சீனத்தின் புழுக்கத்தில் கூடுதலாக வியர்க்க உதவியிருக்கலாம் என்றது எலிக் குழு. 2018இல் லெஸ்லியா ஹ்லுஸ்கோவின் குழு, 54 தொல்லியல் இடங்களைச் சேர்ந்த 5,000க்கும் மேற்பட்டவர்களின் பற்களை வைத்து வேறு விடை சொன்னது: தாய்ப்பால். பனியுகத்தில் சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடைப்பட்ட பெரிஞ்சியா நிலத்தில் தங்கிவிட்டவர்களுக்கு, அந்த வடகோடியில் தோல் வைட்டமின் டி தயாரிக்கும் அளவுக்குப் புற ஊதாக் கதிர் கிடைக்காது. கிளைத்த குழாய்கள் பால்வழியே சத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்கும்; பல் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கருதுகோள்தான்.

பாலோ வியர்வையோ, இரண்டிலும் பல் உடன் வந்த ஆள். ஹர்ட்லிச்கா அதனிடம் யாருக்கு யார் உறவு என்று மட்டும் கேட்டார். அது தாய்மார்களின் உடம்பைப் பற்றியும் சொல்ல வந்திருந்தது. மண்ணில் பால் மிஞ்சாது, வியர்வைச் சுரப்பி மிஞ்சாது. அவை பட்ட பாடு ஒரு முன்பல்லின் முதுகில் பதிவாகியிருக்கக்கூடும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத சேதி.

இதை வைத்துக்கொண்டு எதிரே சிரிப்பவரின் பூர்வீகத்தைக் கணித்துவிடாதீர்கள். நியாண்டர்தால்களுக்கும் முன்பல்லில் குழி இருந்தது. பீக்கிங் மனிதன் எனப்படும் தொல்மனிதனின் பல்லில் அதைக் கண்ட ஆய்வாளர் வைடன்ரைக், இன்றைய சீனர்வரை வம்சத் தொடர்ச்சி உண்டென்று வாதாடினார். மரபணு ஆய்வுகள் அவர் பக்கம் நிற்கவில்லை. ஒற்றைப் பல் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் இப்படித்தான் ஆகும். டர்னர் பல அடையாளங்களைச் சேர்த்தே எண்ணினார்.

பக்கத்தை மூடப்போகிறோம் என்று போன் வந்துவிட்டது. ஆஸ்திரியப் பேரரசரின் பல் மருத்துவர் கரபெல்லி, மேல் கடைவாய்ப்பல்லின் உட்பக்கத்தில் கண்ட அந்த உபரி முகடு அடுத்த வாரம் நிச்சயம். எலி ஏதும் வராவிட்டால்.