பள்ளிப் பதிவேட்டில் நம் பிள்ளைகள்

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றே: "அந்தப் பள்ளியில் எத்தனை சதவிகிதம் தேர்ச்சி?" அதிகம் காட்டிய பள்ளி நல்லது, குறைவாகக் காட்டியது கெட்டது என்று தீர்ப்பும் அன்றே கூறி முடித்து விடுகிறோம். அடியேன் ரயில்வேயில் குமாஸ்தா. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். ஆயினும் நாள் முழுவதும் எண்களோடு பழகுபவன் என்ற உரிமையில், அச்சதவிகிதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறேன்.

ஒரு கணக்குக்காக வைத்துக் கொள்வோம். 20 பேரைத் தேர்வுக்கு அனுப்பி 19 பேர் தேறிய பள்ளி 95 சதவிகிதம் பெறுகிறது. 200 பேரை அனுப்பி 160 பேர் தேறிய பள்ளி 80 பெறுகிறது. முன்னது பொறுக்கிச் சேர்த்த பள்ளியாகவும், பின்னது வாசலுக்கு வந்த பிள்ளை எவரையும் திருப்பி அனுப்பாத அரசினர் உயர்நிலைப் பள்ளியாகவும் இருக்கலாம். ஒன்பதாம் வகுப்போடு நின்று கூலி வேலைக்குப் போன பிள்ளையோ இக்கணக்கில் வருவதே இல்லை. ஆகவே, எத்தனை பேர் தேறினர் என்று கேட்குமுன், வகுப்பில் அமர்ந்திருப்பவர் யார், அவர் வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பதே முறையாகும்.

கலந்து வாழும் மண்

நமது வட்டாரத்தில் அக்கேள்விக்கு விடை எளிதன்று. 1911 வரை சித்தூர், வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகரமாக இருந்தது. அவ்வாண்டில்தான் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூரோடு சேர்ந்து சென்ற திருத்தணி, 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடு இத்தனை முறை மாறியும், நகரி, சத்தியவேடு, குப்பம் முதலிய பகுதிகளில் தமிழும் தெலுங்கும் அருகருகே பேசப்படுவது மாறவில்லை. உத்தியோகத்தையும் வியாபாரத்தையும் நாடிப் பின்னர் வந்த நாமும் அவர்களோடு கலந்தோம்.

இரு மொழிகளுக்கிடையே வளர்வது ஒரு குறையன்று. திருத்தணியில் 1888-இல் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், திருப்பதியிலும் வேலூரிலும் பயின்று குடியரசுத் தலைவர் பதவி வரை உயரவில்லையா? குறை, பிள்ளைக்குத் தெரிந்த மொழியைப் பள்ளி அறியாதிருப்பதில்தான் இருக்கிறது.

நான் செய்த பிழை

என் மகளை இங்குள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் சேர்த்தபோது, விண்ணப்பத்தில் 'தாய்மொழி' என்ற இடத்தில் என் பேனா சற்றுத் தயங்கியது. "தெலுங்கு என்றே எழுதிவிடுங்கள் சார், தொல்லை இராது" என்றார் உடன் வந்த நண்பர். எழுதிவிட்டேன்.

மூன்றாம் வகுப்பில், வாய்க்கணக்கில் கெட்டிக்காரியான அக்குழந்தை எழுத்துத் தேர்வில் பூஜ்யம் வாங்கி வந்தாள். அதே கணக்கைத் தமிழில் சொன்னேன்; ஒரு நிமிஷத்தில் விடை கூறினாள். "கணக்கு எனக்குத் தெரியும் அப்பா. என்ன கேட்டிருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை" என்று அவள் சொன்னபோது எனக்குப் பேச நா எழவில்லை.

பின்னர் அவ்வகுப்பைச் சேர்ந்த பதினொரு பிள்ளைகளின் பெற்றோர் கூடி, தமிழாசிரியர் ஒருவர் வேண்டுமென்று மனு எழுதிச் சென்றோம். தலைமையாசிரியர் தெலுங்கர், நம்மிடம் அன்புடையவர். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து எங்கள் முன் விரித்தார். "இதில் தமிழ்ப் பிள்ளைகள் நால்வரே. மற்றவர்களுக்குத் தெலுங்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் மேலிடத்தில் எதைக் காட்டிக் கேட்பேன் ஐயா?" என்றார். ஏழு வீட்டார் தலைகுனிந்து திரும்பினோம்.

எண்ணிக்கையின் பயன்

அவ்வெண்ணிக்கைக்கு ஏன் இத்துணை மதிப்பு? ஆரம்பப் பள்ளியில் பள்ளி முழுவதிலும் 40 பேரோ, ஒரு வகுப்பில் 10 பேரோ வேற்றுத் தாய்மொழியினராக இருப்பின், அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் வேண்டும் என்று 1949-இல் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு வகுத்தது. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே போதனாமொழியாதல் வேண்டும் என்றே கூறுகிறது. எங்கள் வகுப்பில் பதினொருவர் இருந்தும், பதிவேட்டில் நால்வராக நின்றமையால் அவ்வாயில் எங்களுக்குத் திறக்கவில்லை.

இதனால் தெலுங்கை ஒதுக்குக என்று யான் சொல்வதாகக் கருதற்க. நமக்குச் சோறிடும் மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் பிழையறக் கற்றேயாக வேண்டும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் வந்த பின்பு, தெலுங்குப் பெற்றோரும் இதே கவலையோடு நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் வருத்தமும் நம் வருத்தமும் ஒன்றே.

ஆகவே அன்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். பள்ளியில் சேர்க்கும்போது தாய்மொழியை உள்ளபடி எழுதுங்கள். தேர்ச்சிச் சதவிகிதத்தைக் கேட்பதோடு நில்லாமல், எத்தனை பேர் இடையில் நின்றனர், எப்பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகின்றனர் என்றும் தலைமையாசிரியரைக் கேளுங்கள். நாள்தோறும் அரைமணி நேரமேனும் வீட்டில் தமிழ் படிக்கச் செய்து, பாடத்தின் பொருளைத் தமிழில் விளக்குங்கள்.

சென்ற ஜூன் மாதம் என் இளைய மகனையும் அதே பள்ளியில் சேர்த்தேன். இம்முறை பேனா தயங்கவில்லை. தமிழ் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.