வீட்டு மின் கட்டணம்: ஐந்நூறைத் தாண்டும் அந்த ஒரு யூனிட்

நம் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்குபவருக்கு ஒரு விலை. மூட்டையாக எடுப்பவருக்கு அதைவிடக் குறைந்த விலை. அதிகம் வாங்கினால் விலை இறங்கும் என்பது நமக்குப் பழகிய கணக்கு. வீட்டு மின்சாரம் இதற்கு நேர் எதிர். வாங்க வாங்க விலை ஏறும். அதுமட்டுமல்ல, ஓர் எல்லையைத் தாண்டினால் ஏற்கெனவே வாங்கிய சரக்கின் விலையும் கூடிவிடும். பேரேட்டில் பைசா பிசகாத வியாபாரிகள் பலர் இந்த எல்லையைக் கவனிப்பதில்லை. நாமும் கவனிக்காமல் இருந்தவர்கள்தான்.

நடந்ததைச் சொல்கிறோம். கடைக்குப் புதிய பிரிட்ஜ் வாங்கியபோது, பழையதை விற்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டில் வைத்தோம். அதில் இருந்தவை நாலு தண்ணீர் பாட்டிலும் ஒரு மாவுப் பாத்திரமும்தான். அடுத்த கணக்கெடுப்பில் 520 யூனிட் வந்தது. கட்டிய தொகை ரூ.2,208. 500 யூனிட்டோடு நின்றிருந்தால் ரூ.1,805 தான். கடைசி 20 யூனிட்டுக்கு மட்டும் ரூ.403, அதாவது யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல்!

இது எப்படி வந்தது என்று பார்ப்போம். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் இலவசமாக்கப்பட்டது. 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, அரசு மானியம் போக நாம் கட்ட வேண்டியது 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. 2025 ஜூலையில் வந்த உயர்வு வீடுகளுக்கு விதிக்கப்படவில்லை. மேலே சொன்ன கணக்கு, மொத்தம் 500க்குள் நிற்பவர்களுக்கு. 501 ஆகிவிட்டால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் ரூ.2.35 போய் ரூ.4.70 ஆகிவிடும். அதிலேயே ரூ.235 போயிற்று. அதற்கு மேல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45, 1000 வரை ரூ.10.50, அதையும் தாண்டினால் ரூ.11.55. கட்டணம் திருத்தப்படும்போதெல்லாம் புதிய அட்டவணையை வாங்கி, 500க்கும் 501க்கும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்பாக்கத்தில் 1984 முதல் மின்சாரம் தயாராகிறதே, நம் கடலோர ஊர்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கிடையாது. புதுப்பட்டினத்து வீட்டுக்கும் பொள்ளாச்சி வீட்டுக்கும் ஒரே கட்டணம்தான்.

500ஐ 60 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு எட்டு யூனிட் சொச்சம். இதுதான் நினைவில் வைக்க வேண்டிய எண். கணக்கெடுத்த நாளன்று வெள்ளை அட்டையில் எழுதிய ரீடிங்கை வீட்டுச் சிட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். மின்னணு மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். 'கேடபிள்யூஎச்' என்ற எழுத்துடன் வருவதே நமக்கு வேண்டியது. 30ஆம் நாளில் 250ஐத் தாண்டியிருந்தால், மிச்சமுள்ள நாட்களில் இழுத்துப் பிடிக்க இடமுண்டு. கார்டு எழுத ஆள் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

எதை இழுத்துப் பிடிப்பது? ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நாம் ஊருக்குப் போன சமயம் அந்தப் பழைய பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு மீட்டரைப் பார்த்தோம். நாளுக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120! அது இல்லாவிட்டால் நம் கணக்கு 400 யூனிட், கட்டணம் ரூ.1,175. நாலு பாட்டில் தண்ணீரைக் குளிர வைக்க ரூ.1,033 செலவழித்திருக்கிறோம். வீட்டில் இருக்கும் பிரிட்ஜின் கதவில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடிப் பாருங்கள். தாள் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டையை மாற்ற வேண்டும்.

பழைய மின்விசிறி 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பி.எல்.டி.சி. விசிறி ஏறக்குறைய 30 வாட். அதே ஓட்டத்துக்கு 22 யூனிட் போதும். விலை கூடுதல்தான், ஆனாலும் இரவு பகல் சுற்றும் கூடத்து விசிறியை முதலில் மாற்றுவது லாபம். பல்புகளை அநேகமாக எல்லோரும் மாற்றிவிட்டோம். ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம்; ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உப்புக்காற்று. ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் உப்பு படிந்து தகடுகள் அரித்துப்போனால் வெப்பம் வெளியேறாது. அறை குளிராமலே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கிணற்று உப்புத் தண்ணீர் கூடாது.

கடைசியாக ஒன்று, இது முன்கட்டில் கடையும் பின்கட்டில் குடித்தனமுமாக இருப்பவர்களுக்கு. வீட்டு இணைப்பிலிருந்து கடை பிரிட்ஜுக்கு ஒரு ஒயர் இழுத்துவிடுவது நம்மவர்களிடம் சகஜம். வீட்டு யூனிட் 500ஐத் தாண்டுவதற்கு அதுவே பாதிக் காரணம். கட்டணம் கூடுவதோடு அது நிற்பதில்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி, வீட்டு இணைப்பைக் கடைக்குப் பயன்படுத்துவது அனுமதியற்ற பயன்பாடு. ஆய்வில் பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிப்பார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து. தற்காலிக மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வாய்ப்புண்டு. ஆனால் ஒயர் கண்ணெதிரே தொங்கும்போது என்ன எழுதுவது? கடைக்குத் தனி இணைப்பு இல்லாதவர்கள் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். இருப்பவர்கள் அந்த ஒயரை இன்றே கழற்றிவிடுங்கள்.