பாவித்த கார் வாங்கும்போது முகத்தாட்சண்யம் வேண்டாம்

ரொறன்ரோவுக்கு வந்து சேரும் குடும்பம் முதலில் வாங்கும் கார் பெரும்பாலும் பத்து வயதைக் கடந்ததாகவே இருக்கும். விற்பவரும் பல வேளைகளில் நம்மவரே. ஊரவர், அல்லது ஊரவருக்கு உறவினர். அவர் முன்னிலையில் குனிந்து காரின் அடிப்பாகத்தைப் பார்க்கவே பலர் கூச்சப்படுகின்றனர். ஈராண்டுச் சேமிப்பு இந்தக் கூச்சத்திற் கரைந்துவிடலாகாது.

"சேப்ரி இருக்குது, பயமில்லை" என்பது நாம் வழமையாகக் கேட்கும் பேச்சு. ஒன்ராறியோவில் இலக்கத்தகடு பூட்டி ஓடுவதற்கு அந்தப் பாதுகாப்புச் சான்றிதழ் அவசியந்தான். ஆயினும் அது 36 நாட்களுக்கே செல்லுபடியாகும். பிறேக், ரயர், விளக்கு முதலியன சோதித்த நாளில் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தன என்பதே அதன் பொருள். எஞ்சினும் கியர்பெட்டியும் இன்னும் எத்தனை மாதம் உழைக்கும் என்பதை அது கூறாது.

இந்நாட்டுக் கார்களின் முதற்பகை துரு. பனிக்காலத்தில் வீதிகளில் தூவப்படும் உப்பு அடிப்பாகத்தை அரித்துவிடுகிறது. கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்பையும் சில்லுகளின் மேல்வளைவையும் பகல் வெளிச்சத்திற் பாருங்கள். அங்கே மட்டும் புதுவர்ணம் பளபளத்தால் ஐயுறவேண்டும். சிறு காந்தமொன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் உக்கிப் பசை நிரப்பப்பட்டிருக்கக்கூடும். வெளித்தகட்டுத் துரு அழகுக்குறை. சட்டகத்திலும் பிறேக் குழாய்களிலும் உள்ள துரு உயிராபத்து.

எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையிற் செல்லுங்கள். தொட்டதும் சுட்டால், முன்னரே இயக்கிச் சூடாக்கிவிட்டார்கள் என்று அறிக. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் இனிப்பு மணத்தோடு ஓயாது வரும் வெண்புகை, குளிர்த்திரவம் உள்ளே கசிவதன் அடையாளம். ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினாயின், அதை மாற்றிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பல கார்களில் ஏறத்தாழ 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே பாழாகலாம்.

தனியார் விற்பனையில், 20 டொலர் பெறுமதியான வாகனத் தகவற்கோவையை விற்பவர் கொடுத்தேயாக வேண்டுமென்பது மாகாணச் சட்டம். முன்னைய உரிமையாளர் யார், காரின்மேல் கடன் உண்டா என்பவற்றை அதிற் காணலாம். ஈட்டிலுள்ள காணியை வாங்குவது போன்றதே கடனுள்ள காரை வாங்குவதும். விற்றவர் கட்டத் தவறினால், கடன் கொடுத்தவர் உங்கள் வாசலில் நிற்கும் காரை எடுத்துச் செல்லலாம். விலையைக் குறைத்தெழுதி வரியை மிச்சம் பிடிக்கும் யோசனைக்குச் செவிசாய்க்காதீர்கள். கோவையிலுள்ள மொத்தவிலை, எழுதிய விலை ஆகியவற்றுள் கூடியதற்கே 13 வீத வரி.

காசு கொடுக்குமுன், விற்பவர் காட்டும் கராஜுக்கன்றி, உங்களுக்குத் தெரிந்த கராஜுக்குக் கொண்டுசென்று காரை உயர்த்திப் பார்ப்பியுங்கள். "என்னில் நம்பிக்கை இல்லையோ?" என்று விற்பவர் முகஞ்சுளித்தால் வேறு கார் தேடுவதே நன்று. மனம் மாறினால் திருப்பிக் கொடுப்பதற்கு இம்மாகாணச் சட்டம் அவகாசம் எதுவும் தரவில்லை. காப்புறுதிக் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரியுங்கள். புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கு ஓராண்டுக் கட்டணம் பழைய காரின் விலையையே மிஞ்சுவதுண்டு.