பூமிக்கு அடியில் ஒரு குடும்பச் சுற்றுலா



சுற்றுலா என்றால் நம் குழுக்களில் கோயிலும் கடலும்தான் முதலில் பேச்சுக்கு வரும். இந்த முறை சிலர் குகை பார்க்கலாமா என்று கேட்டீர்கள். கூடவே, "உள்ளே போனா மூச்சு முட்டுமாமே, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போலாமா?" என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் குடும்பத்தோடு போய்ப் பார்த்த பெலும் குகையை வைத்தே பதில் சொல்கிறேன்.

இது ஆந்திராவில், நந்தியால் மாவட்டத்தில் இருக்கிறது. ரயிலில் தாடிபத்ரியில் இறங்கினால் சுமார் 30 கி.மீ. 'பிலம்' என்றால் குகை. அதுதான் அங்கே பெலும் ஆகிவிட்டது. மலையைத் தேடாதீர்கள். சமவெளியில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதில் படி இறங்கினால் குகை. மொத்த நீளம் 3,229 மீட்டர். நாம் நடக்க விடுவது ஒன்றரை கி.மீ. தான். 2002-ல் சுற்றுலாத் துறை விளக்கும் பாதையும் போட்டுத் திறந்தது.

இவ்வளவு பெரிய பொந்தை யாரும் வெட்டவில்லை, தண்ணீர்தான் அரித்தது. முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள், நுரைத்துக் கரையும். சுண்ணாம்புப் பாறையும் அதே ஜாதிதான். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும்போது சோடாவில் இருக்கிற அதே கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துப்போகிறது. அந்தத் தண்ணீர் பாறை வெடிப்பில் ஆயிரமாயிரம் வருஷம் ஓடி, கரைத்துக் கரைத்து வழி உண்டாக்கியது.

கரைந்த சுண்ணாம்பு எங்கே போகும்? உப்புத்தண்ணி காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்த மாதிரிதான். கூரையில் சொட்டும் தண்ணீர் துளித்துளியாகச் சுண்ணாம்பை விட்டுப் போக, ஆலம் விழுது போலக் கல் தொங்குகிறது. ஓரிடத்தில் அது ஆயிரக்கணக்கான லிங்கம் போல இருப்பதால் கோடிலிங்கம் என்கிறார்கள். தட்டினால் ராகம் மாதிரி ஒலிக்கும் கல்லும் உண்டு. பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும், விடாதீர்கள். உடைந்தால் நம் பேரப்பிள்ளை காலத்திலும் வளராது.

இப்போது மூச்சு விஷயம். வாசல் சிறியது, உள்ளே காற்று ஓட்டம் குறைவு. கூட்டம் சேர்ந்தால் எல்லார் விட்ட மூச்சும் அங்கேயே தங்கும். ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, அதனாலேயே பாதி பேருக்குப் புழுக்கமாகித் திணறும். குழாய் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறார்கள், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் லிங்கத்தைப் பார்த்ததும் கற்பூரம் ஏற்றவேண்டாம் தாயே! நெருப்பு, இருக்கிற காற்றையும் தின்றுவிடும், புகை போக வழி கிடையாது. கும்பிட்டால் போதும்.

இருப்பதிலேயே ஆழமான இடம் பாதாள கங்கை, வாசலுக்குக் கீழே 46 மீட்டர். நம்ம ஊர் 50 அடிக் கிணறு மூன்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்த ஆழம். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும். ஆஸ்துமா, இதய நோய், முழங்கால் வலி உள்ளவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் அதை விட்டுவிடலாம். என் மாமியாருக்கு இளைப்பு உண்டு. சமமான பாதையில் நடந்து பார்த்துவிட்டு, என் கணவரோடு மேலே வந்து உட்கார்ந்துகொண்டார். நானும் பிள்ளைகளும்தான் கங்கை வரை போனோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கே போனாலும் பையையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு வெளியே இருப்பது நாமாகத்தான் இருக்கிறோம். முறை வைத்துப் போய் வாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. வழிகாட்டி இல்லாத, விளக்குப் போடாத குகைக்குள் எந்த ஊரிலும் நுழையாதீர்கள், மழைக்காலத்தில் அறவே கூடாது. 2018 ஜூன் 23-ல் தாய்லாந்தில் 12 பையன்களும் பயிற்சியாளரும் ஒரு குகைக்குள் போனார்கள். மழைவெள்ளம் வழியை அடைத்துவிட்டது. எல்லாரையும் வெளியே கொண்டுவர ஜூலை 10 ஆனது. காப்பாற்றப் போன முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் இறந்தே போனார்.

கிளம்பும் குழுக்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுக்கும்போதே, யாருக்கு என்ன உடம்பு என்பதையும் எழுதிக் கொடுங்கள். வழுக்காத செருப்பு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு பேருக்கு ஒரு டார்ச் போதும். காலையிலேயே உள்ளே போய்விடுங்கள், கூட்டம் சேருவதற்குள் வெளியே வந்துவிடலாம்.