பவர் மாறிவிட்டதா, புரை வளர்கிறதா?

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பார்வை மங்கினால் முதல் பழி மூக்குக்கண்ணாடிக்குத்தான். ‘பவர் மாறிடுச்சு போல’ என்று கடைக்குப் போய், கம்ப்யூட்டரில் சோதித்து, புதுக் கண்ணாடியோடு திரும்புவார்கள். பல நேரம் அதுவே சரியான வைத்தியமாகவும் இருக்கும். ஆனால், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே கலங்கிப் புரை வளரத் தொடங்கியிருந்தால் எந்தக் கண்ணாடியும் முழுதாக உதவாது.

இரண்டையும் பிரித்தறிய மருத்துவர்கள் கையில் ஒரு மிக எளிய கருவி உண்டு: ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் அகலத் துளையிட்ட கறுப்புத் தட்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் துளை வழியே 6 மீட்டர் தள்ளியிருக்கும் எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டும். பவர் கோளாறு இருந்தால், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் புள்ளியாகக் குவியாமல் சிறு வட்டமாகப் பரவுகிறது. துளை ஓரக் கதிர்களைத் தடுத்து, மெல்லிய கற்றையை மட்டும் உள்ளே விடுகிறது. வட்டம் சுருங்க, மங்கிய வரி தெளிகிறது. கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணை இடுக்கிப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதும் இதே உத்திதான்.

புரையில் சங்கதி வேறு. லென்ஸின் மையத்தில் இருக்கும் புரதங்கள் நாம் பிறக்கும் முன்பே உருவானவை. உடல் அவற்றைப் புதுப்பிப்பதில்லை. வயது ஏற ஏற அவை ஒட்டித் திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியைத் துளையால் ஒழுங்குபடுத்த முடியாது. பெரும்பாலும் இன்னும் இருட்டாகத்தான் தெரியும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூசவைத்துச் சாலையையே மறைப்பதும், வெள்ளை வேட்டி பழுப்பேறித் தெரிவதும் புரையால்தான். ஓவியர் கிளாட் மோனே இப்படித்தான் நிறங்களோடு போராடினார். 1912-ல் புரை என்று தெரிந்தும் தள்ளிப்போட்டு, 1923-ல்தான் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்டார்.

உண்மையான குழப்பம் இனிமேல்தான். ‘இந்த வயசுல கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிறேன்’ என்று சிலர் பெருமைப்படுவதைக் கேட்டிருப்போம். நியாயமான பெருமைதான், ஆனால் காரணம் பல நேரம் புரையாக இருக்கலாம். லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது ஒளியைக் கூடுதலாக வளைத்து, கிட்டப்பார்வையை உண்டாக்குகிறது. அது வெள்ளெழுத்தைத் தற்காலிகமாக ஈடுகட்டிவிடுகிறது. தொலைவில் இருப்பவைதான் மங்கும். கோளாறில் ஒரு பங்கு நிஜமாகவே பவர் என்பதால், துளைச் சோதனையிலும் பார்வை ஓரளவு தேறும். புதுக் கண்ணாடியும் கொஞ்ச காலம் உதவும். சில மாதத்துக்கொரு முறை பவர் மாறுகிறதென்றால், கடையை மாற்றிப் பயனில்லை. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, பிளவு விளக்கு என்ற கருவியில் லென்ஸைப் பார்த்தாக வேண்டும். கடைக் கருவி பவரை அளக்குமே தவிர, கலங்கலைப் பற்றி எதுவும் சொல்லாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு சிக்கல்: ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கினாலே பவரும் மாறும். கட்டுக்குள் வந்தபின் அளப்பதே உசிதம்.

துளையில் நன்றாகத் தெரிந்தால் நோயே இல்லை என்றும் அர்த்தமில்லை. கண் நீர் அழுத்த நோயில் நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருக்கக்கூடும். பார்வை திடீரென்று மங்கினாலோ இந்தச் சோதனைக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது, அன்றே மருத்துவமனை.

‘புரை முத்தட்டும்’ என்று காத்திருப்பது பழைய அறுவை முறைக்குப் பொருந்திய யோசனை. இன்று அன்றாட வேலைக்குத் தடையானாலே போதும். முற்றவிட்டால் லென்ஸ் வீங்கிக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. அந்தப் பழைய முறையில் லென்ஸை எடுத்துவிட்டுப் பதிலுக்கு எதுவும் வைக்காததால்தான் தாத்தா பாட்டிகள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரிந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸ் எளியவர்களுக்கு எட்டாத விலையில் இருந்த நிலையில், 1992-ல் தொடங்கப்பட்ட மதுரையின் ஆரோலேப் நிறுவனம் அதைக் குறைந்த விலையில் செய்து தந்தது. இப்போது கண்ணை அளந்து, பொருத்தமான பவரிலேயே லென்ஸ் வைக்கிறார்கள். தூரப்பார்வைக்கு ஏற்ற சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்டால், பேப்பர் படிக்க மட்டும் மறுபடி ஒரு கண்ணாடி வேண்டியிருக்கும். புண் ஆறிப் பவர் நிலைத்தபிறகு அதை எழுதித் தருவார்கள்.