வளைவில் விளையும் கல்

கண்மணி, சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவந்துபோகுமே, பார்த்திருக்கிறாயா? "ஏன் சிவக்குது?" என்று அம்மாவை நச்சரித்திருந்தால் நீ என் கட்சி!

எலுமிச்சைச் சாறு அமிலம். சோப்பு நீர் அதற்கு நேர் எதிர், காரம். (மிளகாய்க் காரம் வேறு, இது வேறு!) இதை அளக்கும் அளவுகோலுக்குப் பெயர் பி.எச். எலுமிச்சைக்கு ஏறத்தாழ 2. தூய நீருக்கு 7. மஞ்சள் சிவக்கத் தொடங்குவது 8-ஐ ஒட்டி. இதை மனத்தில் முடிந்துவை; ஒரு கல்லின் கதைக்கு இது தேவைப்படும்.

1960-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில், ஹைப்பீரியன் கழிவுநீர் நிலையத்துக் குழாய்களுக்குள் கல் படிந்தது. அதன் பெயர் ஸ்ட்ரூவைட். எங்கிருந்து வந்தது?

கழிவுநீரில் மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் கரைந்திருக்கும். மூக்கைப் பொத்தாதே! பாஸ்பேட்டுக்குள் இருக்கும் பாஸ்பரஸையே ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் 1669-இல் சிறுநீரைக் காய்ச்சித்தான் கண்டுபிடித்தார்.

பாஸ்பேட்டுக்கு மூன்று கைகள் என்று வைத்துக்கொள். மெக்னீசியத்துக்கு இரண்டு, அம்மோனியத்துக்கு ஒன்று. கணக்குச் சரியா? மூவரும் கைகோத்து, கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டால் படிகம்.

ஆனால் நீர் புளிப்பாக இருந்தால் ஹைட்ரஜன் முந்திக்கொண்டு பாஸ்பேட்டின் கைகளைப் பிடித்துவிடும். இரண்டு கையிலும் மாம்பழம் வைத்திருப்பவன் பட்டம் விட முடியுமா? பி.எச். ஏற ஏற ஹைட்ரஜன் விலகும். கை காலியாகும். புரிகிறதல்லவா?

சரி, குழாய்க்குள் சோப்பைப் போட்டது யார்? யாருமில்லை! சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் புஸ்ஸென்று வருமே கரியமில வாயு, அது கழிவுநீரிலும் கரைந்திருக்கிறது. நீருக்குப் புளிப்பு தருவதில் அதற்கும் பங்குண்டு. பம்பிலும் குழாய் வளைவிலும் நீர் குலுங்கும்போது அது வெளியேறும். பி.எச். ஏறும். கல் அங்கேயே விளையும். வளைவுகள் அடைத்துக்கொள்வது இதனால்தான்.

கல் வேண்டும் என்பவருக்கோ, பி.எச். 10-ஐத் தாண்டினாலும் ஆபத்துதான். அம்மோனியம் பெரும்பாலும் வாயுவாக மாறி, நூலறுந்த பட்டம்போல் பறந்துவிடும். ஒன்பதுக்குப் பக்கத்தில் நிறுத்துவதே கெட்டிக்காரத்தனம்.

இப்போது பொறியாளர்கள் இதே கல்லைத் தனித் தொட்டியில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். மெக்னீசியம் சேர்த்து, பி.எச்.சைச் சற்றே ஏற்றினால் குட்டிக் குட்டி மணிகளாக வரும். செடிக்கு அது மெல்லக் கரையும் உரம். சிகாகோவின் ஸ்டிக்னி கழிவுநீர் நிலையம் 2016-இல் இதைத் தொடங்கியது.

நீயும் ஒன்று செய். மஞ்சள் கரைத்த நீரில் சோப்புத் தண்ணீர் சில துளி விடு. சிவந்ததா? இனி எலுமிச்சை பிழி. என்ன ஆனது என்று இந்த மாமாவுக்கு ஒரு கடிதம் போடு!